கை காட்டினா நிக்காது

தம்பி, அந்த பைனாகுலரைக் கொஞ்சம் குடுக்குறீங்களா? ஒரு நிமிஷம் போதும். நீங்க பறவை பாத்துக்கிட்டு இருக்கீங்க, தெரியுது, கோவிச்சுக்காதீங்க. நான் என் சம்சாரத்தைப் பாக்கணும். அதோ, துறைமுக கேட்டு தெரியுதே, நீலத் தகரக் கொட்டகைக்குப் பக்கத்துல, அங்கதான் வரணும். இன்னும் வரலை. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திட்டு கப்பலை எடுத்துடுவாங்களாம். உங்க கடிகாரத்துல மணி என்ன? ம். என்னுதுலயும் அதேதான். என்னுது தப்பாப் போகாது, இருந்தாலும் கேட்டேன்.

பயமெல்லாம் இல்லீங்க. நான் எதுக்குப் பயப்படணும்? நான் நேரத்துக்கு ஏறிட்டேன். டூர் பஸ்ல மொதல்ல வந்து ஏறினவனே நான்தான். ஆனா இங்க நின்னா கேட்டு நல்லாத் தெரியுது, அதான் நிக்குறேன்.

நான் ரிடயர் ஆன டைம் கீப்பர். துறையூர் பஸ் ஸ்டாண்டு, கவர்மென்ட் பஸ். டைம் கீப்பர் சிதம்பரநாதன்னு இன்னைக்கும் அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் விசில் சத்தத்தை வச்சு டீக்கடைக்காரர் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். விசில் ஊதினா வண்டி எடுத்தாகணும். கை காட்டினா நிக்காது. கெஞ்சினா நிக்காது. காலேஜ் பிரின்சிபால் வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார் ஒரு தடவை, நிக்கலையே. ஒருத்தருக்கு நின்னா ஊருக்கே நிக்கணும், இல்லீங்களா? உள்ள உக்காந்திருக்கிறவன் எல்லாம் நேரத்துக்கு வந்தவன். அவன் என்ன பாவம் பண்ணினான்?

இந்தாங்க, பைனாகுலர். இல்ல, இருங்க, ஒரு ஆட்டோ வருது... இல்ல. வெள்ளைக்காரங்க. ரெண்டு பேர். தேங்காய் வாங்கிட்டு வர்றாங்க.

எங்களுக்குக் கல்யாணமாகி இது நாப்பதாவது வருஷம். எங்க பொண்ணு தேன்மொழி பெங்களூர்ல இருக்கா, அவதான் இந்தக் கப்பலுக்கு டிக்கெட் போட்டா. சென்னையில ஏறி, இலங்கையைச் சுத்திட்டு, திரும்ப சென்னை. "அப்பா, நீங்க ஒண்ணும் பிளான் பண்ண வேண்டாம், சும்மா போய் உக்காந்துட்டு வாங்க, எல்லாம் கப்பல்லயே பாத்துக்குவாங்க"ன்னா. சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு எதுக்குங்க கப்பல்? வீட்லயே உக்காந்திருக்கேனே. நான் போட்டேன் பிளான். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும், எப்ப டிபன், எந்த மாடியில எப்ப நடக்கணும், எப்பக் கடலைப் பாக்கணும், எல்லாம் அட்டையில எழுதி ரூம் கண்ணாடியில ஒட்டியிருக்கேன். வந்து பாருங்க, டெப்போ சார்ட் மாதிரியே இருக்கும்.

சாப்பாட்டுக்கும் பிளான் வச்சிருந்தேன். கப்பல் சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா? ஒரு சின்ன ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பெட்டியில துணிக்கு நடுவுல சுத்தி வைக்கச் சொன்னேன். ரூம்லயே வடிச்சுக்கலாம்னு. மங்கை சொன்னா, "ஏங்க, சாப்பாடும் சேத்துத்தானே டிக்கெட்டு, அங்கயும் போய் நான் சமைக்கணுமா"ன்னு. அவ பேரு மங்கையர்க்கரசி, நான் மங்கைம்பேன். ரெண்டு ஆழாக்கு அரிசி வடிக்கிறது ஒரு சமையலான்னு நான் கேட்டேன். பேசாம கட்டினா. ஏறும்போது மெஷின்ல பெட்டி போச்சு, குக்கரை எடுத்து வெளியில வச்சுட்டான். கரண்டுல சூடாகுற சாமான் எதுவும் கப்பல்ல கூடாதாம். நான் வாதாடிப் பாத்தேன், முடியலை. அங்க கிடந்த சாமானோட சாமானா நம்ம குக்கரும் போயிடுச்சு. திரும்பிப் பாத்தா மங்கை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்குறா, தோள் ரெண்டும் குலுங்குது. பாவம், அவ்வளவு வருத்தம் அவளுக்கு. அவ தம்பி வாங்கிக் குடுத்த குக்கர். ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக் கூடத்துல போய் உக்காந்தவ எழுந்திரிக்கலை, தம்பி. ஐஸ்கிரீமே ரெண்டு தடவை. துக்கத்துல சில பேருக்குப் பசி கூடும்.

என்ன சொல்றாங்க மைக்குல? இங்கிலீஷ்ல சொல்றது புரியலை... பேரு சொன்னாங்களா? மங்கையர்க்கரசி சிதம்பரநாதன்னுதானே சொன்னாங்க? அந்தப் பேரை அந்த ஆளு கடிச்சுத் துப்புறான். கப்பல்ல இருக்காளான்னு கூப்பிடுறாங்க. இல்லைங்கிறேன், திரும்பத் திரும்பக் கூப்பிட்டா? கீழ போய்ச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

இதைக் கேளுங்க. கப்பல்ல ஆளுக்கு ஒரு கார்டு குடுக்குறாங்க இல்ல, ரூமைத் திறக்கிறது, ஏறி இறங்குறது எல்லாத்துக்கும். அவ கார்டையும் நான்தான் வச்சிருக்கேன். இதோ, என் கழுத்துலயே ரெண்டும். அவ எங்கயாச்சும் வச்சுட்டுத் தேடுவா. வீட்லயும் அப்படித்தான், பீரோ சாவி, கேட்டுச் சாவி எல்லாம் என் இடுப்புலதான். ரூமுக்குப் போகணுமா, என்கிட்ட சொன்னா நான் வந்து திறந்து விடப் போறேன். ஒரு காபி வேணுமா, சொன்னாப் போதும். அவளுக்கு என்னங்க குறை? போன்லயும் வெளிநாட்டு இணைப்பு எனக்கு மட்டும்தான் போட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கப் போறோம்?

இங்க திருகோணமலையில இறங்கினா என்ன பாக்கணும்னும் எழுதி வச்சிருந்தேன். கோட்டை, கோணேசர் கோயில், மான் நிக்குற இடம், டூர் பஸ்லயே போய் டூர் பஸ்லயே வந்துடலாம். நேத்து சாப்பாட்டு மேஜையில ஒரு மட்டக்களப்பு அம்மா உக்காந்திருந்தாங்க, கனடாவுல இருக்காங்களாம். அவங்க இவகிட்ட, "கன்னியாவுக்குப் போகேல்லையோ? வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கு. தாய் தேப்பனுக்குச் செய்ய வேண்டியதை எங்கட சனம் அங்கதான் போய்ச் செய்யிறது" அப்படின்னாங்க. அதுல இருந்து இவ ஒரே பிடி. "ஏங்க, அப்பாவை நினைச்சு அங்க போய் ஒரு வாளி தண்ணி தலையில ஊத்திக்கிறேங்க. நான் ஒண்ணுமே செய்யலையே அவருக்கு." நான் சொன்னேன், வெந்நீர் வீட்ல ஹீட்டர்லயே வருது, அதுக்கு எதுக்குக் கடல் தாண்டணும்னு. மேஜையில எல்லாரும் சிரிச்சாங்க. மட்டக்களப்பு அம்மா மட்டும் சிரிக்கலை. மங்கையும் அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. புரிஞ்சுக்கிட்டா.

அவ அப்பா தவறி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, தம்பி. தொட்டியத்துல இருந்தார். இப்ப எதுக்கு அது?

இருங்க, இன்னொரு ஆட்டோ... இல்ல. போலீஸ்காரர் இறங்குறார்.

காலையில என்ன ஆச்சுன்னா, டூர் பஸ் கீழ நிக்குது. நான் இறங்குற பாலத்துக்கிட்ட வந்துட்டேன். "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன், நீங்க போய்க்கிட்டே இருங்க"ன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பிப் போறா. எதுக்குன்னு சொல்லலை. சொல்லியிருக்கலாமில்ல? நான் இறங்கிப் போய் பஸ்ல உக்காந்துட்டேன். நேரம் ஆச்சு. அந்த கைடு பையன் சிங்களத்துக்காரன், நல்லாத் தமிழ் பேசுறான், "ஐயா, உங்க நோனா இன்னும் வரலையே"ன்னான். நோனான்னா அவங்க பாஷையில வீட்டுக்கார அம்மாவாம். நான் எழுந்து நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன், "யாரா இருந்தா என்னப்பா, நேரம்னா நேரம், எடு வண்டியை." பஸ்ல ரெண்டு பேரு கைதட்டினாங்க. மெய்யாலுமே தட்டினாங்க.

பஸ் திரும்பும்போது பாத்தேன். கப்பல் வாசல்ல வந்து நிக்குறா. கார்டு என்கிட்ட இருக்குல்ல, அந்த செக்யூரிட்டி விடலை. அங்கிருந்தே கையைக் காட்டினா. கைடு சொன்னான், "ஐயா, வந்துட்டாங்க, வந்துட்டாங்க"ன்னு. நான், எடுப்பா, எடுன்னுட்டேன்.

எதுக்கு இப்படிப் பாக்குறீங்க? தண்டனை இல்லீங்க அது. ஒரு நாள் ரூம்ல உக்காந்து யோசிச்சா அடுத்த ஊர்ல நேரத்துக்கு வருவா. அப்படித்தான் நினைச்சேன். கார்டு இல்லாம எங்க போயிடப் போறா? பத்திரமா கப்பலுக்குள்ளதானே இருப்பா?

இது மொத தடவையும் இல்ல. துறையூர்ல இன்னைக்கும் பேசுவாங்க. தேன்மொழி கைக்குழந்தை அப்ப. தொட்டியத்துல இருந்து ஆள் வந்து சொல்லிட்டான், மாமனாருக்கு முடியலை, உடனே வான்னு. நான் டூட்டியில இருக்கேன். தொட்டியம் வண்டிக்கு விசில் ஊதியாச்சு, வண்டி நகந்தாச்சு, பாத்தா மங்கை ஓடி வர்றா. புள்ளை இடுப்புல, பை தோள்ல, ஒரு செருப்பு எங்கயோ கழண்டு போச்சு. கையைக் காட்டிக்கிட்டே ஓடி வர்றா. டிரைவர் மாணிக்கவேலு என்னைப் பாக்குறான், "அண்ணே, அண்ணி"ங்குறான். பிரேக்குல கால் வச்சுட்டான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? இன்னொரு தடவை விசில் ஊதினேன். போ!

சொந்தப் பொண்டாட்டிக்கே நிக்காத வண்டின்னு டெப்போவுல கொடி கட்டிப் பறந்துச்சு என் பேரு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கை குடுத்தார். ரிடயர் ஆன அன்னைக்கு மாலை போட்டப்பக்கூட அதைத்தான் சொன்னாங்க. மங்கை மொத வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா.

அடுத்த வண்டிக்குப் போனா. மாமனார் அதுக்குள்ள போயிட்டார். முந்தின வண்டியில வந்திருந்தா முகத்தைப் பாத்திருக்கலாம், கடைசி வரைக்கும் அவ பேரைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்னு என் மச்சான் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டான். போற நேரம் யார் கையில இருக்கு? அவனோட நான் பத்து வருஷம் பேசலை. ஆனா மங்கை, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. அன்னைக்கும் சொல்லலை, அதுக்கப்புறமும் சொல்லலை. அப்படிப்பட்ட பொம்பளை. எனக்குத் தெரிஞ்சு அதுக்கப்புறம் அவ எதுக்கும் ஓடினதும் இல்லை. மழை வந்தா துணி எடுக்கக்கூட நடந்துதான் போவா. முட்டி வலின்னு நினைக்கிறேன்.

இன்னும் கேட்டுல ஆளைக் காணோம். தம்பி, உங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரியுதா? பச்சைப் புடவை. பச்சைன்னுதான் நினைக்கிறேன். காலையில வாசல்ல நின்னப்ப... பச்சைதான்.

இன்னைக்கு மத்தியானம் டூர் முடிஞ்சு வந்தேன். வெயில்னா வெயில், தலையில ஒண்ணும் இல்லாம மண்டை காஞ்சு போச்சு. தொப்பியைக் காலையில டிபன் சாப்பிட்ட இடத்துல நாற்காலியில மாட்டினேன், மறந்துட்டேன். வந்து ரூமைத் திறந்தா மங்கை இல்லை. கட்டில் மேல என் தொப்பி மட்டும் இருக்கு. இதோ, இந்தத் தொப்பிதான். யாரு கொண்டு வந்து வச்சாங்கன்னு...

அவதான் வச்சிருக்கணும். ம்.

சரி, எங்கயாச்சும் உக்காந்திருப்பான்னு எல்லா மாடியும் தேடினேன். இல்லை. அப்புறம் கீழ வாசல்ல கேட்டேன். அங்க வெள்ளை யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு இருக்கு பாருங்க, தூத்துக்குடிப் பொண்ணு, ஜெனிட்டான்னு பேரு. அது கம்ப்யூட்டரைப் பாத்துட்டுச் சொல்லுச்சு, "சார், மேடம் காலையிலேயே இறங்கிட்டாங்களே." அதெப்படி இறங்க முடியும், கார்டு என் கழுத்துல இருக்கேன்னு காட்டினேன். அது வாங்கி மெஷின்ல வச்சுது. செகப்பு லைட்டு எரியுது. "இது செல்லாது சார். மேடம் புது கார்டு எடுத்துக்கிட்டாங்க. கன்னியாவுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாங்க, கூட ஆள் வர்றாங்களான்னு நான் கேட்டதுக்கு, இல்லம்மா, நான் மட்டும்தான்னு சொன்னாங்க."

நான் மட்டும்தான். அவ சொன்ன வார்த்தை அது. தம்பி, அவ தனியா திருச்சிக்குக்கூடப் போனதில்லை. போக விட்டதில்லை நான். ஊரு தெரியாது, போன் இல்லை. கன்னியா எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது.

இறங்கிப் போய்த் தேடலாம்னு நினைச்சேன். பாலம் வரைக்கும் போயிட்டேன். ஆனா நான் போற நேரத்துல அவ வந்துட்டா? நான் அங்க மாட்டிக்கிட்டா? நேரத்துக்குள்ள திரும்பலைன்னா கப்பல் விட்டுட்டுப் போயிடுமே. அதான் ஏறி வந்து இங்க நின்னுட்டேன். சரியாத்தானே பண்ணினேன்? சொல்லுங்க.

இந்தாங்க, பைனாகுலரைப் பிடிங்க, நீங்களும் கொஞ்சம் பாருங்க.

கொஞ்ச நேரம் முன்னாடி மறுபடியும் கீழ போய் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். கேட்டேன்னா, கெஞ்சினேன்னே வச்சுக்கங்க. "அம்மா, ரெண்டு நிமிஷம், வயசானவ, வழி தெரியாம நிப்பா, ரெண்டே நிமிஷம் பாத்து எடுங்க"ன்னு. அதுக்கு அந்தப் பொண்ணு சொல்லுது, "சார், கப்பல்ல ரெண்டாயிரம் பேர் இருக்காங்க. நேரத்துக்கு வந்தவங்க. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்." கேட்டீங்களா? என் வாய் வார்த்தை. அப்படியே என் வார்த்தை. காலம் பூரா நான் பேசின பேச்சு, எனக்குக் காது அடைச்சுப் போச்சு. சரியான பதில்தான். நானா இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா சொல்லும்போது அந்தப் பொண்ணு முகத்துல ஒரு வருத்தம் இருந்துச்சு. நான் அப்படியெல்லாம் முகத்தை வச்சுக்கிட்டது இல்லை.

ஐயோ, சங்கு ஊதிட்டான். மணி என்ன? ஆயிடுச்சா? பாருங்க, கீழ கயிறுகிட்ட ஆளுங்க போறாங்க. பாலத்தை இழுக்கப் போறாங்க. தம்பி, பாலத்தை இழுக்கப் போறாங்க!

எங்க? எந்த ஆட்டோ? குடுங்க, குடுங்க அதை. கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியலை... துடைச்சுக்கிறேன். ஆமா. ஆமா, அவதான். பச்சைப் புடவையேதான். கீழ் பாதி இன்னும் காயலை. தலைக்குக் குளிச்சிருக்கா தம்பி, முடியை அவிழ்த்து விட்டிருக்கா, ஈரம் சொட்டுது. கல்யாணத்தப்ப பாத்தது அவ முடியை அப்படி. என்ன பண்றா? ஆட்டோக்காரன்கிட்ட நின்னு பேசிக்கிட்டு இருக்கா! சிரிக்கிறா! கும்பிடு வேற போடுறா அவனுக்கு. ஏய், மங்கை! இங்க! இங்க பாரு! ஓடி வா! சாத்தப் போறாங்க, ஓடி வா!

பாத்துட்டா. மேல பாத்தா. என்னைத்தான் பாத்தா.

ஓடலையே. தம்பி, அவ ஓடலையே. நடந்து வர்றா. கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி நடந்து வர்றா. கேட்டுல இருந்து இங்க எவ்வளவு தூரம் இருக்கு? அந்த நடைக்கு வந்து சேர முடியாது. முடியவே முடியாது. எனக்குத் தெரியும், எத்தனை பேரைப் பாத்திருக்கேன், எத்தனை பேரை விட்டிருக்கேன். கயித்தை அவுக்குறான் பாருங்க. போச்சு. விட்டுட்டுப் போகப் போறாங்க. என் கண்ணு முன்னாடி விட்டுட்டுப் போகப் போறாங்க அவளை.

என்ன அது? அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு எதுக்கு வெளிய ஓடி வருது? கையைக் காட்டுது. கயித்துக்காரனைப் பாத்துக் கையைக் காட்டுது. வாக்கி டாக்கியில என்னமோ பேசுது, யாருகிட்டயோ கெஞ்சுது... அவன் நின்னுட்டான். கயித்தை விட்டுட்டு இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்குறான். தம்பி, நின்னுடுச்சு. பாலத்தை இழுக்கலை. இவ்வளவு பெரிய கப்பல் நிக்குது, தம்பி. ஒருத்திக்காக.

நிறுத்தலாமா அப்ப?

யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. பாருங்க, யாரும் ஏன் நிக்குதுன்னு சண்டைக்கு வரலை. எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவளைத்தான் பாக்குறாங்க. ஒரு நிமிஷந்தானே. அவ்வளவுதானே ஆகும். மாணிக்கவேலு பிரேக்குல கால் வச்சானே, தம்பி. அவன் வச்சுட்டான். அவன் வச்ச காலை...

அவங்களைக் கத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஓடுங்க ஓடுங்கன்னு எல்லாரும் கத்துறாங்க பாருங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. அவ ஓடி வந்தாச்சு. அன்னைக்கே புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தாச்சு. ஓடச் சொல்லாதீங்க யாரும். நடந்தே வரட்டும்.